தாழிக்குள் உயிரோடு வைத்தார்களா?

“வயதாகி உடல் சுருங்கிப் போன பெரியவர்களை, உயிரோடு தாழியில் உட்கார வைத்துப் புதைத்தார்கள். அதனால்தான் அது முதுமக்கள் தாழி.” வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்ப வரும் செய்தி இது. உண்மை அல்ல. தாழி என்பது பழங்காலத்தில் இறந்தவர்களை இட்டுப் புதைத்த பெரிய மண்பானை.

புறநானூறு 228-ஆம் பாட்டைப் பாருங்கள். சோழன் கிள்ளிவளவன் இறந்துவிட்டான். ஐயூர் முடவனார் குயவரிடம் கேட்கிறார்: இவ்வளவு பெரியவனைக் கவிக்கும் தாழியை எப்படிச் செய்வாய்? நிலமே சக்கரம், மலையே மண் என்று வைத்து வனைய உன்னால் முடியுமா? தாழி தேடியது இறந்துபோன ஒரு மன்னனுக்கு! மணிமேகலையும் சுடுவது, புதைப்பது போன்றவற்றோடு ‘தாழியில் கவிப்போர்’ என்று இதையும் ஈமமுறைகளில் ஒன்றாகவே சொல்கிறது.

அப்புறம், எலும்புகள். தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள பழைய இடுகாடான ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த தாழிகள் சிலவற்றில் முழு எலும்புக்கூடு குறுக்கி வைத்த நிலையில் கிடைத்தது. இந்தக் கதைக்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் பல தாழிகளில் மண்டையோடும் சில எலும்புகளும் மட்டுமே இருந்தன. உடலை முதலில் வேறிடத்தில் விட்டு, பிறகு எலும்புகளைப் பொறுக்கி வந்து தாழியில் இட்டிருக்கிறார்கள். உயிரோடு இருப்பவரை இப்படி வைக்க முடியுமா?

கூடவே சின்னச் சின்னக் கிண்ணங்கள், இரும்புக் கருவிகள், நெல் உமி. சிலருக்கு நெற்றியில் கட்டும் மெல்லிய பொன்தகடும் உண்டு. போனவருக்குப் பசிக்குமே என்று பார்த்துப் பார்த்து வைத்த கைகள் அவை. அந்த மக்களைத்தான் பெற்றோரை உயிரோடு புதைத்தவர்கள் என்கிறோம்.