நம்ம ரிமோட் விமானக்காரங்ககிட்ட மறுபடியும் வீங்கின லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி!

சனிக்கிழமை ராத்திரி பேட்டரிக்குள்ள இருக்கிற ஒவ்வொரு செல்லுக்கும் 4.2 வோல்ட் வரைக்கும் முழுசா சார்ஜ் ஏத்துறது. ஞாயிறு காத்து பலமா அடிச்சா, பறக்கவிடாம அப்படியே கொண்டுபோய் அலமாரியில போட்டு வைக்கிறது. வாரக்கணக்கா! லிப்போ வீங்காம என்ன செய்யும்? 3.8 வோல்ட்டுக்கு இறக்கி வைக்கணும்னு எத்தனை தடவைதான் சொல்றது? சார்ஜர்லயே ஸ்டோரேஜ் மோடு இருக்கே, அதை அமுக்க என்ன கஷ்டம்? இன்னொரு கூட்டம் 3 வோல்ட்டுக்குக் கீழ போற வரைக்கும் பறக்கவிட்டு செல்லைச் சாகடிக்குது. வீங்கினதையே டேப் சுத்தி மறுபடி மாட்டுறாங்க! தீப்பிடிச்சா? பக்கத்துல ஒரு மணல் வாளியாவது இருக்கா?

புரொப்பெல்லரைக் கழட்டாம மேசையில வச்சு மோட்டாரை ஓட்டிப் பார்க்கிறது வேற. விரல் போனா திரும்ப வருமா? ஏலரான், அதான் இறக்கையோட பின்விளிம்புல இருக்கிற மடல், தலைகீழா அசையுதான்னு பார்க்க பத்து செகண்ட் போதும். அதையும் பார்க்கிறதில்ல. விமானம் ஏறின வேகத்துல மண்ணுல குத்தினதும் சிக்னல் போச்சுன்னு சொல்றாங்க!