ஓடு குத்திய குஞ்சை உடனே உரித்தெடுக்க வேண்டாம்

பொரியும் கோழிமுட்டையின் ஓட்டில் துளை விழுந்து 3 மணி நேரத்துக்குள் வெளியே வராத குஞ்சு மூச்சுமுட்டி இறந்துவிடும், ஓட்டை நாமே உரித்துவிட வேண்டும் என்று மேலே சிலர் சொல்லியிருக்கிறீர்கள். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் அது சரியில்லை.

கோழிக்குஞ்சு முதல் துளையிலிருந்து வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் எடுப்பது சாதாரணம். அந்தத் துளை வழியாகவே அதற்குக் காற்று கிடைக்கிறது. அசையாமல் கிடப்பதுபோலத் தெரியும் அந்த நேரத்தில்தான் ஓட்டின் உள்சவ்வில் ஓடும் ரத்தம் உடம்புக்குள் திரும்புகிறது, மிச்ச மஞ்சள்கரு தொப்புள் வழியே வயிற்றுக்குள் இழுபடுகிறது. நடுவில் உரித்தால் சவ்வின் நரம்பு கிழிந்து ரத்தம் கொட்டும். மஞ்சள்கரு பாதி வெளியே தொங்கும் குஞ்சு பெரும்பாலும் பிழைக்காது.

இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். முதல் துளை விழுந்த நேரத்தை ஒரு தாளில் குறித்து, இன்குபேட்டர் (முட்டை பொரிக்கும் கருவி) மூடியைத் திறக்காமல் விட்டுப் பாருங்கள். தானாகப் பொரிந்த ஓட்டை அப்புறம் எடுத்து உள்ளே பாருங்கள்: நரம்புகள் வற்றி, கோடு கோடாகக் காய்ந்திருக்கும். பாதியில் உரித்த ஓட்டில் ஈர ரத்தம் இருக்கும்.

24 மணி நேரம் தாண்டியும் துளை பெரிதாகவில்லை என்றால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துளையோரச் சவ்வைத் தொட்டு ஈரமாக்குங்கள். சிவப்பு நரம்பு தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள், இன்னும் நேரமாகவில்லை.