எந்த வீடியோ என்று கேட்காதீர்கள்

போன வாரம் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார்: "சார், புல்லாங்குழல் கற்றுக்கொள்ள எந்த யூடியூப் சேனல் நல்லது?" நாற்பத்து மூன்று வயதில் ஆசிரியர் இல்லாமல் குழலைக் கையில் எடுத்தவன் நான் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். எதையும் பார்க்காதீர்கள் என்றேன். தொழில் ரகசியத்தை மறைக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, முகம் சுருங்கிவிட்டது. அவரிடம் நின்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

குரு இல்லாமல் வித்தை வராது என்பது ஒரு கட்சி. வரும் என்பது இன்னொரு கட்சி. இந்தச் சண்டையே இப்போது பழசாகிவிட்டது. இன்று பெரும்பாலோர் செய்வது மூன்றாவதாக ஒன்று. திரையில் யாரோ எத்தனை துளைகளை மூட வேண்டும் என்று "இரண்டு, ஒன்று, சைபர், ஆறு" என எண் சொல்ல, அதன்படி விரலை எடுப்பதும் வைப்பதும். இதற்குத்தான் "நானாகவே கற்றேன்" என்று பெயர். அதில் 'நான்' எங்கே இருக்கிறது? ஆசிரியராவது தப்பாக வாசித்தால் முறைப்பார். திரையில் இருப்பவர் கடைசிவரை சிரித்துக்கொண்டே இருக்கிறார்.

நானும் அந்த வழியில் போனவன்தான். ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எண்கள் எழுதி வைத்திருந்தேன். ஒரு மாதம் உழைத்துப் பழைய பாட்டு ஒன்றை முழுவதும் வாசித்து முடித்து நிமிர்ந்தபோது என் மகள் கேட்டாள்: "அப்பா, இது என்ன பாட்டு?" எண்கள் எல்லாம் சரி. பாட்டுதான் இல்லை. நோட்டைப் பரண்மேல் போட்டேன்.

என் முதல் குழல், திருச்சி தெப்பக்குளம் பக்கம் ஒரு கம்பு முழுக்கக் குழல்களைச் செருகிக்கொண்டு நடந்தவரிடம் வாங்கியது. அவர் ஊதினால் பாட்டு, நான் ஊதினால் காற்று. அந்தக் குழலின் துளைகள் கண்ணளவில் போட்டவை, சுருதி சேராது என்று பின்னால்தான் தெரிந்தது. அப்படியானால் அவர் எப்படி வாசித்தார்? குழலை உதட்டில் உள்ளும் புறமும் உருட்டி, ஒவ்வொரு சுரத்தையும் அந்தந்தக் கணத்தில் சரிக்கட்டி வாசித்திருக்கிறார். இத்தனை ஆண்டு ஊதியும் எனக்கு அது வரவில்லை.

பிறகு ஒழுங்கான ஐந்து கட்டைக் குழல் ஒன்று வாங்கினேன் (கட்டை என்பது சுருதியின் அளவு). வாய் வைக்க ஒரு துளை, விரலுக்கு எட்டு. மொட்டைமாடியில் மூன்று இரவு ஊதியும் தலைசுற்றல்தான் மிச்சம். நான்காம் இரவு ஒரு சத்தம் வந்தது. அதை விடாமல் பிடித்துக்கொண்டேன். கைப்பேசியில் சுருதியைப் போட்டுவிட்டு அந்த ஒரே சத்தத்தை இரண்டு வாரம் ஊதினேன். பக்கத்து வீட்டுக்காரர் என் மனைவியிடம், "குக்கரில் விசில் ஏதும் சிக்கிக்கொண்டதா?" என்று கேட்டாராம்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு துளைகளை மூடினால் வரும் சத்தம் என் சுருதியோடு ஒட்டியது. அதையே வீடாக வைத்துக்கொண்டேன். ஒரு விரலை எடுத்தால் அடுத்த சுரம். இரண்டையும் எடுத்தால் அதற்கடுத்தது. அங்கே ஒரு சங்கடம்: எல்லாத் துளையும் திறந்திருக்கும்போது குழலைத் தாங்கக் கட்டை விரலும் மோவாயும்தான், நழுவிவிடும். அடுத்த சுரத்துக்கு முதல் ஆறு துளைகளையும் ஒரே நேரத்தில் மூடி, காற்றையும் கொஞ்சம் அழுத்த வேண்டும். காந்தாரத்திலிருந்து மத்திமத்துக்கு, அதாவது 'க'-விலிருந்து 'ம'-வுக்குப் போகிற இந்த ஒரு தாவலுக்கு எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. ஏதாவது ஒரு துளையில் காற்றுக் கசியும், சத்தம் கீச்சிடும். எந்த விரல் என்று கண்டுபிடிப்பதற்குள் மூச்சு முடிந்திருக்கும்.

தாண்டிய பிறகு, மேல் ஸட்ஜம் ('ஸ') வரை வழி திறந்துவிட்டது. இன்னொரு நாள் விளையாட்டாக, ஆறையும் மூடிய இடத்தையே வீடாக வைத்து ஒவ்வொரு விரலாக எடுத்துப் பார்த்தேன். அதே துளைகள், அதே சுரங்கள், ஆனால் முகம் வேறு. முன்னது கொஞ்சம் குழைவாக இருந்தது. இது நிமிர்ந்து நடந்தது. ஏன் என்று புரியாமல் மாறி மாறி வாசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற தவில் வித்துவான் ஒருவர் இருக்கிறார். காலை நடையில் என்னை நிறுத்தினார். "தம்பி, ராத்திரி அரிகாம்போதியில் கிளம்பிச் சங்கராபரணத்தில் போய் நிற்கிறீர்களே, தெரிந்துதான் செய்கிறீர்களா?"

தெரியாது என்றேன். அவர்தான் விளக்கினார். நம் குழலில் முழுத் துளைகளை மட்டும் வரிசையாகத் திறந்து மூடினால் வருவது அரிகாம்போதி ராகம். அதன் மத்திமத்தை ஆதாரமாக எடுத்துக்கொண்டால் சங்கராபரண ராகம். இதற்குக் கிரக பேதம் என்று பெயர். பழைய தமிழில் பண்ணுப்பெயர்த்தல். பெயர் தெரியாமலே அதற்குள் நான் மூன்று வாரம் குடியிருந்திருக்கிறேன். பாடத்திட்டத்தின்படி போயிருந்தால் முதலில் மாயாமாளவகௌளை ராகத்தைத் தந்திருப்பார்கள். குரலுக்கு அது நல்ல தொடக்கமாக இருக்கலாம். குழலில் அதன் ரி, த, நி மூன்றுக்கும் அரைத்துளை பிடிக்க வேண்டும், அதாவது துளையைப் பாதி மட்டும் மூட வேண்டும். முழுத் துளையே மூடத் தெரியாத விரலுக்கு அது தண்டனை. மூங்கில் தானாக என்ன தர விரும்புகிறதோ அதிலிருந்து தொடங்க எனக்கு வாய்த்தது, யாரும் சொல்லித் தராததால்தான்.

இப்படிப் பேசினால் உடனே மாலியைத் துணைக்கு அழைப்பார்கள். மாலி என்றால் புல்லாங்குழல் டி. ஆர். மகாலிங்கம் (1926–1986); நடிகர் வேறு. குழலைத் தாமே பழகி ஏழு வயதில் மேடை ஏறியவர். உண்மைதான். ஆனால் அதற்கு முன் மாமா ஜால்ரா கோபாலய்யரிடம் வாய்ப்பாட்டுக் கற்றார் என்பதை விட்டுவிடுவார்கள். காது தயாராக இருந்தது. விரல் அதைத் தேடிப் போனது. வீணை எஸ். பாலசந்தரும் (1927–1990) வீணையை யாரிடமும் கற்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே கஞ்சிரா, சிதார் என்று பழகிய கை அவருடையது. மேதைகளை விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது காது மட்டும். எண் பார்த்து வாசிப்பவனுக்கு முதலில் மூடிக்கொள்வது அதுதான்.

நஷ்டமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு ஆண்டு கழித்து ஓர் ஆசிரியரிடம் போனேன். என் வலது கட்டை விரலைப் பார்த்ததும் அவர் சிரித்துவிட்டார். குழல் நழுவும் என்ற பயத்தில் அதைச் சுத்தியல் போலப் பிடித்துப் பழகியிருக்கிறேன். கன்னமும் உப்பும். அந்தக் கட்டை விரலைத் தளர்த்தவே நான்கு மாதம் போயிற்று. முதலிலேயே வந்திருந்தால் பத்து நாள் வேலை என்றார். அதே ஆசிரியர், ஒரு சுரத்தைப் பிசகி வாசித்துவிட்டு அவர் சொல்லும் முன்பே நான் நிறுத்தியதைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் அடுத்த பாடத்துக்குப் போனார். நான்கு மாத விலை எனக்குக் கட்டுபடியாகிறது.

அலுவலக நண்பரின் சுருங்கிய முகம் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்று என்னிடம் கூடுதலாக இருந்த ஐந்து கட்டைக் குழலுக்கு நல்லெண்ணெய் தடவித் துடைத்து அவர் மேசையில் வைத்தேன். ஒரு குறிப்பும் எழுதவில்லை. இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், சத்தமே வரவில்லை. தலை சுற்றுகிறது."

"உட்கார்ந்துகொண்டு ஊதுங்கள்" என்றேன்.