அடுத்த வில்லனை என்னிடம் சொல்லாதீர்கள்

துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸை இன்றைய லண்டனுக்குக் கொண்டுவந்த பிபிசியின் 'ஷெர்லாக்' தொலைக்காட்சித் தொடரில் 2017 ஜனவரிக்குப் பிறகு ஓர் அத்தியாயம்கூட வரவில்லை. ஆனால் அதன் அடுத்த வில்லன் யார் என்பது தாம்பரம் மின்சார ரயிலில் என் பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியும். அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் எதிரே உட்காருபவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடும் என் மைத்துனருக்கோ சந்தேகமே கிடையாது. "பழைய ஹோம்ஸ் கதைகளில் வருகிற வில்லன் மோரன்தான் அத்தான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்." எதில் எழுதி வைப்பது? வராத தொடருக்கு வராத வில்லன்!

ஊகிப்பதைக் குறை சொல்லவில்லை. துப்பறியும் கதையின் ருசியே அதில்தான் இருக்கிறது. ஆனால் இவர்கள் ஊகிப்பதில்லை, தீர்ப்பு எழுதுகிறார்கள். தீர்ப்பு பொய்த்தால் கதாசிரியருக்குத் தண்டனை.

2016-இல் நடந்தது நினைவிருக்கிறதா? நான்காம் பருவத்துக்கு முன்னோட்டமாகத் தொடரின் குழுவினர் மூன்று சொற்களை வெளியிட்டார்கள்: தாட்சர், ஸ்மித், ஷெரின்ஃபோர்டு. மூல ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயிலைப் படித்தவர்கள், ஸ்மித் என்றால் 1913-இல் வெளியான கதையில் வரும் கல்வர்டன் ஸ்மித்தாக இருக்கும் என்றார்கள். அப்படியே வந்தான். அது ஊகம், அதற்குப் பின்னால் ஒரு புத்தகம் இருக்கிறது, கை தட்டலாம். ஷெரின்ஃபோர்டு கதை வேறு. ஹோம்ஸ் குடும்பத்தின் மூன்றாவது சகோதரன், மறைந்திருக்கும் மகா வில்லன் என்று அடித்துச் சொன்னார்கள். எந்த நடிகர் என்பதுவரை முடிவாகிவிட்டது! (இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியின் மிச்சத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். எனக்குக் கிடைக்காத சலுகை உங்களுக்காவது கிடைக்கட்டும்.) கடைசியில் ஷெரின்ஃபோர்டு என்பது ஆளே இல்லை, தீவில் இருக்கும் ஒரு சிறை. உள்ளே இருந்தது தங்கை யூரஸ். ஏமாந்ததற்கு ரசித்துச் சிரிக்க வேண்டாமா? "கதையில் தர்க்கம் இல்லை" என்று எரிந்து விழுந்தார்கள்.

ஹோம்ஸின் பரம எதிரி மோரியார்ட்டி விஷயம் இதைவிட மோசம். 2012-இல் மாடியில் நம் கண்முன்னே தன்னையே சுட்டுக்கொண்டவன் அவன். 2014-இல் கதையில் நாட்டின் திரைகளில் எல்லாம் அவன் முகம் வந்ததும், மூன்று வருடம் இவர்கள் அவனைச் சாகவிடவில்லை. செத்தவன் செத்தவன்தான் என்று தொடரே சொன்ன பிறகும் மைத்துனர் ஒப்புக்கொள்ளவில்லை.

பருவத்துக்கு ஒரு மகா வில்லன் வேண்டும் என்ற இந்தப் பசி எங்கிருந்து வந்தது? டாயில் எழுதியவை 56 சிறுகதைகளும் 4 நாவல்களும். ஹோம்ஸுக்கு முடிவு கட்டுவதற்காக 1893-இல் மோரியார்ட்டியை உருவாக்கினார். அந்த ஆள் தலைகாட்டும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றபடி பேராசை பிடித்த மாற்றாந்தந்தை, பயந்துபோன திருடன் என்று நம் தெருவிலும் இருக்கக்கூடிய ஆட்கள்தான். தகவல் கைக்கு வருமுன் கொள்கை வகுப்பது பெரும்பிழை என்று ஹோம்ஸே 1891-இல் சொல்லியாகிவிட்டது. அவருடைய ரசிகர்களுக்கு மட்டும் அது காதில் விழவில்லை.

போன ஞாயிறு வேறொரு புதிய துப்பறியும் தொடரைத் தொடங்கினேன். பெயர்கள் ஓடி முடியவில்லை, மைத்துனர் வாயைத் திறந்துவிட்டார்: "இந்த டாக்டர்தான் அத்தான். பெரிய நடிகரைச் சும்மா போடுவார்களா?"

இன்னும் ஏழு அத்தியாயம் இருக்கிறது. அந்த டாக்டர் தும்மினால்கூட எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.