ஒரு தகவல் மாறினால் ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள்

ஞாயிற்றுக்கிழமை நடந்தது இங்கே எல்லாருக்கும் தெரியும். யார் பெயரையும் இழுக்கப் போவதில்லை. நம் தொல்லியல் தகவல் தளத்தில் இருந்த ‘தமிழ்நாட்டில் இரும்புக் காலம்’ கட்டுரையை முழுதாக ஏஐயிடம் கொடுத்து, அது தந்ததை அப்படியே ஒட்டியாகிவிட்டது. என்ன மாற்றினோம் என்று எழுதும் தொகுத்தல் சுருக்கத்தில் இரண்டே சொல்: ‘நடை மேம்பாடு’. ஏன் இப்படி என்று கேட்டால், “இப்போதுதான் சார் படிக்க நன்றாக இருக்கிறது” என்று பதில். அதற்குக் கீழே வரிசையாக லைக்.

நன்றாகத்தான் இருக்கிறது. எங்கும் தடுக்காமல் வழவழவென்று போகிறது. ஆனால் அந்தக் கட்டுரையில் வாசகர் நின்று போக வேண்டிய இடங்கள் இருந்தன. அவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் அகழாய்வு அறிக்கையைத் திறந்து, பக்கம் பார்த்து, யோசித்து வைத்தவை.

ஏஐயைத் தொடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரே வேண்டுகோள்தான்: ஒரு தகவல் மாறினால், அந்தத் தகவல் இருக்கும் வரியை மட்டும் மாற்றுங்கள். கட்டுரையை முழுக்கத் திரும்ப எழுதச் சொல்லாதீர்கள்.

போனது என்ன என்று பாருங்கள். 2022 மே மாதம் கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 2172 என்ற கணிப்பு அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரி 23 அன்று மாநிலத் தொல்லியல் துறையின் ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை வெளிவந்தது. அதில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் ஒரு கரி மாதிரிக்கு கி.மு. 3345. அதே சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லுக்கு 2021இல் அறிவித்த காலம் கி.மு. 1155. மூன்று எண்கள், மூன்று மாதிரிகள். பழைய கட்டுரையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்திலேயே எந்த ஊர், என்ன மாதிரி, என்ன முறை, எந்த ஆண்டு அறிவிப்பு என்று இருந்தது. புதியதில் எல்லாம் சேர்ந்து ஒரே வாக்கியம்: ‘சிவகளை மக்கள் கி.மு. 3345இலேயே இரும்பை உருக்கியும் நெல் பயிரிட்டும் வாழ்ந்தனர்.’

நெல்லுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் கூடிவிட்டன. ‘உருக்கினர்’ என்பதற்கு அந்த வாக்கியத்தில் எந்தச் சான்றும் இல்லை. கரியின் காலம் அந்த மரம் வாழ்ந்த காலம். அதோடு ஒரே அடுக்கில் கிடைத்த இரும்புப் பொருளுக்கு அதை வைத்துக் காலம் சொல்கிறோம். அந்த ஒரு படி அனுமானத்தைச் சொல்லாமல் விட்டால் கட்டுரையே பொய்யாகிவிடுகிறது. விக்கிப்பீடியாவில் இதற்கென்றே விதி உண்டு: ஒரு நூல் ஒன்றைச் சொல்லி, இன்னொரு நூல் வேறொன்றைச் சொன்னால், இரண்டையும் கோத்து எந்த நூலும் சொல்லாத மூன்றாவதை நீங்கள் சொல்லக் கூடாது. ஏஐயிடம் ‘எல்லாவற்றையும் சேர்த்து எழுது’ என்றால் அது செய்வது அந்த மூன்றாவதைத்தான்.

தமிழில் இது இன்னும் ஆபத்து. நம் மொழியில் சந்தேகம் வினைமுற்றின் வாலில் இருக்கிறது. ‘இருந்திருக்கலாம்’, ‘இருந்ததாகத் தெரிகிறது’, ‘இருந்ததாக அறிக்கை கூறுகிறது’, ‘இருந்தது’ – நான்கும் நான்கு அளவு உறுதி. நடையைச் சரிசெய் என்றதும் ஏஐ முதலில் வெட்டுவது இந்த வால்களைத்தான், வாக்கியம் நீளமாகத் தெரிகிறதே! ‘இருந்திருக்கலாம்’ ‘இருந்தது’ ஆகும்போது ஒரு ஆய்வாளரின் தயக்கம் நம் தளத்தின் தீர்ப்பாகிவிடுகிறது. எண் தப்பினால் யாராவது கண்டுபிடிப்பார்கள். வினைமுற்று மாறினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பழைய பதிப்பில் இருந்த பதினோரு ‘-லாம்’களில் புதியதில் மிச்சம் இரண்டு. எண்ணிப் பார்த்தேன்.

காலக்கணிப்பு எண்களையும் ஏஐயின் கையில் விடாதீர்கள். ஆய்வகத் தாளில் 2200±30 பி.பி. என்று இருந்தால் அது கி.மு. 2200 ஆகாது. பி.பி. என்பது 1950ஆம் ஆண்டிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. கழித்தால் கி.மு. 250. அதையும் அளவுத்திருத்த வளைகோட்டில் (கரிமக் கணிப்பை உண்மையான ஆண்டாக மாற்ற உதவும் வரைகோடு) வைத்துப் பார்த்தால் ஒற்றை ஆண்டு கிடைக்காது; கி.மு. 4ஆம் நூற்றாண்டிலிருந்து 2ஆம் நூற்றாண்டு வரை நீளும் ஒரு வீச்சுதான் கிடைக்கும். ஏஐ இந்த வீச்சைத் தூக்கிப்போட்டுவிட்டு நடு எண்ணை எடுத்துக்கொள்கிறது. கீழடியிலும் இதே கதை. 2019 அறிக்கையில் 353 செ.மீ. ஆழத்து மாதிரிக்கு கி.மு. 580, 200 செ.மீ. ஆழத்து மாதிரிக்கு கி.மு. 205. ஆழத்தை எடுத்துவிட்டால் இரண்டு எண்களும் ஒன்றோடொன்று முரண்படுவது போலத் தெரியும். உடனே முரணை நீக்குகிறேன் என்று ஒன்றைத் தூக்கிவிடும்.

சரி, எப்படித்தான் செய்வது என்று கேட்பவர்களுக்கு. முதலில் பிடிஎஃப்பைச் சோதியுங்கள். ஒரு பத்தியை நகலெடுத்து வெறும் உரைக்கோப்பில் ஒட்டிப் பாருங்கள். யூனிகோடுக்கு முந்தைய பாமினி, டாம், டாப் எழுத்துருக் காலத்துக் கோப்பு என்றால் குப்பையாக வரும். ஏஐ அந்தக் குப்பையைப் பார்த்து ‘படிக்க முடியவில்லை’ என்று சொல்லும் என நம்பாதீர்கள், ஊகித்து நிரப்பும். ஸ்கேன் பக்கம் என்றால், படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் ஓசிஆர் மென்பொருள் துணைக்காலையும் (ா) ரகரத்தையும் (ர) மாற்றிப் போடும். ஊர்ப் பெயர்களையும் குழி எண்களையும் மூலப் பக்கத்தோடு வைத்துக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

பிறகு ஒரு அட்டவணை. ஒரு கூற்றுக்கு ஒரு வரி: கூற்று, நூல், பக்க எண், மூலத்தின் சொற்கள் அப்படியே, மாதிரிப் பொருள், முறை ஏ.எம்.எஸ்.ஸா (கரிமக் கணிப்பு) ஓ.எஸ்.எல்.லா (மண் துகள் கடைசியாக ஒளி கண்ட காலத்தைக் கணிப்பது), பிழை வீச்சு, கடைசியாகச் சரிபார்த்த தேதி. இந்த அட்டவணையை நிரப்ப ஏஐ உதவட்டும், நன்றாகவே உதவும். ஆனால் ‘மூலத்தின் சொற்கள்’ கட்டத்தில் இருப்பதைப் பிடிஎஃப்பில் தேடிப் பாருங்கள். எழுத்து மாறாமல் கிடைக்கவில்லை என்றால் அந்த வரியை நீக்குங்கள். கட்டுரையின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அட்டவணையில் ஒரு எண் இருக்க வேண்டும். எண் இல்லாத வாக்கியம் கட்டுரையில் இருக்கக் கூடாது.

புதிய அறிக்கை வந்தால், ‘கட்டுரையைப் புதுப்பி’ என்று கேட்காதீர்கள். ‘இந்த அறிக்கையால் கட்டுரையின் எந்தெந்த வாக்கியங்கள் பாதிக்கப்படும்? எண் மட்டும் சொல், எதையும் மாற்றாதே’ என்று கேளுங்கள். நான்கோ ஐந்தோ வரும். அவற்றை நீங்களே மாற்றுங்கள். கூடவே ‘மிகப் பழமையான’, ‘இதுவரை’, ‘அண்மையில்’ ஆகிய மூன்று சொற்களையும் தளம் முழுக்கத் தேடுங்கள். 2025 ஜனவரியில் சிவகளை எண் வந்ததும் மயிலாடும்பாறைக் கட்டுரையின் முதல் வரியும் பழசாகிவிட்டது அல்லவா? சேமிக்கும் முன் பழைய பதிப்புக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். ஒரே ஒரு தகவலுக்காக நாற்பது வரிகள் நிறம் மாறித் தெரிந்தால் சேமிக்காதீர்கள். இன்னொன்று, ஏஐ எழுதிய தொகுப்புக் கட்டுரையை மூலக் கோப்புறைக்குள் வைக்காதீர்கள். அடுத்த முறை அது தன் எழுத்தையே சான்றாகக் காட்டும். மேற்கோளில் ஐ.எஸ்.பி.என். இருந்தால் கடைசிச் சரிபார்ப்பு இலக்கத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள், இல்லாத புத்தகங்களில் பல அங்கேயே மாட்டும்.

இப்போது சொல்வீர்கள், ‘மனிதர்களும்தான் தப்பு செய்கிறார்கள்’ என்று. செய்கிறோம். செய்தவரிடம் உரையாடல் பக்கத்தில் போய், எங்கே பார்த்தீர்கள் என்று கேட்க முடியும். இதற்கு மேல் அதற்குப் பதில் வேண்டாம்.

‘எழுத ஆள் இல்லையே, ஏதோ ஒன்று இருப்பது ஒன்றுமே இல்லாததைவிட நல்லதுதானே’ என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் கேட்டார். இதுதான் என்னை வருத்துகிற கேள்வி, ஏனென்றால் உண்மையிலேயே ஆள் இல்லை. அறுபது வாக்கியக் கட்டுரையைச் சரிபார்க்க வாக்கியத்துக்கு ஐந்து நிமிடம் என்றாலும் ஐந்து மணி நேரம் வேண்டும். வேலைக்குப் போய்வந்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு உட்காருகிறவர்களுக்கு அது ஒரு வாரம். அதனால்தான் சொல்கிறேன், பத்தே வாக்கியம் இருக்கட்டும், பத்துக்கும் பக்க எண் இருக்கட்டும். குறுங்கட்டுரை யாரையும் ஏமாற்றாது. அறுபது வாக்கியம் ஒட்ட ஒரு நிமிடம், அவிழ்க்க இன்னொருவருடைய ஒரு வாரம்.

இது நமக்குப் புதிதும் இல்லை. 2009இலிருந்து கூகுள் தன் மொழிபெயர்ப்புக் கருவியையும் கூலி மொழிபெயர்ப்பாளர்களையும் வைத்துத் தமிழ் விக்கிப்பீடியாவில் நீள நீளமான கட்டுரைகளை ஏற்றியது. பைட் கணக்கு ஏறியது. வாக்கியங்களைத் திருத்தும் வேலை ஊதியமில்லாத தன்னார்வலர்கள் தலையில் விழுந்தது. அவர்கள் பொறுமையாகக் குறைகளைத் தொகுத்து, 2010 விக்கிமேனியா மாநாட்டில் ஆய்வாகவே முன்வைத்தார்கள். 2025 ஆகஸ்டில் ஆங்கில விக்கிப்பீடியா, மனிதர் பார்க்காமல் ஏஐ எழுத்தை ஏற்றிய பக்கங்களை விவாதமின்றி விரைவாக நீக்க விதி கொண்டுவந்தது. அத்தனை ஆள்பலம் உள்ள இடத்திலேயே தாங்க முடியவில்லை.

‘தமிழ் வளர வேண்டும் என்று உங்களுக்கு ஆசையில்லையா’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. சிவகளை நெல்லின் காலத்தைத் தப்பாகப் படித்த ஒரு பள்ளிப் பிள்ளை அதை மேடையில் சொல்லும். எதிரே இருப்பவர் அறிக்கையைப் படித்திருப்பார். அந்தப் பிள்ளை தலைகுனிய நேர்ந்தால், அடுத்து உண்மையான 3345ஐயும் யாரும் நம்ப மாட்டார்கள். உழைத்துத் தோண்டியவர்களின் எண் அது.

தம்பி, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்லது செய்யத்தான் நினைத்தீர்கள். பழைய பதிப்பு வரலாற்றுப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது. சனிக்கிழமை இரவு நிலைக்கு மீட்டுவிடுகிறேன். நீங்கள் சேர்த்தவற்றில் இரண்டு வாக்கியங்களுக்கு அறிக்கையில் சான்று கிடைத்தது, அவற்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், உங்கள் கணக்கிலிருந்தே சேருங்கள். சிவகளைப் பத்தியை இன்றிரவு நான் பார்க்கிறேன். மயிலாடும்பாறையை யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா?