திங்கட்கிழமை மூன்று மணிக்குப் போய் நின்றுவிட்டு ஊரைத் திட்டாதீர்கள்

திங்கட்கிழமை. ஆகஸ்ட். மதியம் மூன்று மணி.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு, ஸ்பெயினுக்குப் போன நம்மவர் ஒருவர் போட்ட அந்தப் பயண வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள். பூட்டிய கதவைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்க்கிறார். பக்கத்து ஊரின் ஆளில்லாத் தெருவைக் காட்டுகிறார். "பேய் ஊருங்க இது, இதுக்கா மட்ரிட்லேர்ந்து ரெண்டரை மணி நேரம் ஓட்டிட்டு வந்தோம்" என்கிறார். யார் என்று சொல்லப்போவதில்லை. உங்கள் எல்லாருடைய வாட்ஸாப்பிலும் வந்து விழுந்திருக்கும்.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு நேரப் பலகை இருக்கிறது, கவனித்தீர்களா? "லூனெஸ் செர்ராதோ." திங்கள் விடுமுறை. அண்ணன் அந்தப் பலகையின் மேலேயே சாய்ந்துகொண்டுதான் இவ்வளவும் பேசுகிறார்.

அவர் தள்ளிய கதவு சான் பௌதேலியோ. ஸ்பெயினின் சோரியா மாகாணத்தில், பெர்லாங்கா தே துவேரோ ஊருக்குத் தெற்கே எட்டு ஒன்பது கிலோமீட்டரில் இருக்கும் பதினோராம் நூற்றாண்டுச் சிற்றாலயம். வெளியிலிருந்து பார்த்தால் கல்லடுக்கிய தானியக் கொட்டகை மாதிரி இருக்கும், இரண்டு ஜன்னல்கூட ஒழுங்காகக் கிடையாது. உள்ளே நட்ட நடுவில் ஒரே ஒரு தூண். அதன் உச்சியிலிருந்து எட்டு வளைவுகள் பனை மட்டை மாதிரி விரிந்து கூரையைத் தாங்குகின்றன. ஒரு மூலையில் குட்டிக் குட்டித் தூண்கள், லாட வளைவுகள். மசூதியைச் சுருக்கிக் கிறிஸ்தவ ஆலயத்துக்குள் வைத்தது போல. வெயிலிலிருந்து நேராக உள்ளே போனால் ஒன்றும் தெரியாது. ஐந்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும். கண் பழகிய பிறகுதான் பனைமரம் இருட்டிலிருந்து எழுந்து வரும்.

அதைப் பார்க்க ஒரே நிபந்தனை, திறந்திருக்கும்போது போவது. வழக்கமாகத் திங்களும் செவ்வாயும் மூடல், ஞாயிறு பிற்பகலும் மூடல். மற்ற நாட்களில் காலை பத்திலிருந்து இரண்டு, பிறகு நான்கிலிருந்து மாலை வரை. பருவத்துக்குப் பருவம் மாறும், அதனால் முந்தின நாள் ஒரு போன். டிக்கெட் சில்லறைக் காசுதான், நோட்டை நீட்டாமல் நாணயமாக எடுத்துப் போங்கள்.

"மத்தியானம் எதுக்குங்க ரெண்டு மணி நேரம் பூட்டணும், சோம்பேறிங்க" என்று கீழே ஒரு கமென்ட். அதற்கு இதயம் வேறு விட்டிருக்கிறார்கள். நம் ஊர்க் கோயிலில் பன்னிரண்டரைக்கு நடை சாத்தி நாலு மணிக்குத் திறக்கும்போது யாராவது அர்ச்சகரைச் சோம்பேறி என்று வீடியோ போடுகிறோமா? அங்கே போனால் மட்டும் எங்கிருந்து வருகிறது இந்த எஜமான் தோரணை?

சோம்பேறித்தனமும் கிடையாது. கடிகாரத்தின் கோளாறு அது. கிரீன்விச் தீர்க்கரேகை ஸ்பெயினின் கிழக்கு ஓரம் வழியாகப் போகிறது. நியாயப்படி லண்டன் நேரம்தான் இருந்திருக்க வேண்டும். 1940-இல் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது, திருப்பி வைக்கவே இல்லை. கோடைக்கு இன்னொரு மணி நேரம் கூடும். ஆகச் சோரியாவில் கோடைச் சூரியன் உச்சிக்கு வருவதே கடிகாரத்தில் இரண்டு பத்துவாக்கில்தான். இரண்டு மணிக்குச் சாப்பிட உட்காருகிறவர் சரியான உச்சிப் பொழுதில்தான் சாப்பிடுகிறார். மூன்று மணிக்குத் தெருவில் ஆள் இருக்காது, நாய்கூட இருக்காது. ஜூன் கடைசியில் சூரியன் மறையவே ஒன்பதே முக்கால் ஆகும். அதே "பேய் ஊர்" சதுக்கத்துக்கு இரவு ஒன்பதரைக்கு வந்து பாருங்கள்: பாட்டிகள் வாசலில் நாற்காலி போட்டிருப்பார்கள், பிள்ளைகள் பந்து உதைத்துக்கொண்டிருக்கும்.

நேரம்தான் எல்லாமே. கசக்கிறது என்றாலும் மறுபடி சொல்கிறேன், நேரம்.

சாப்பாடும் அப்படித்தான். பகல் சாப்பாடு ஒன்றரையிலிருந்து மூன்றரைக்குள். வார நாளில் "மெனு தெல் தியா" என்று கேட்டால் இரண்டு சுற்றுச் சாப்பாடு, ரொட்டி, பானம், கடைசியில் இனிப்பு எல்லாம் ஒரே விலையில் வரும். நான்கு மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டால் இரவு ஒன்பது வரை பொரித்த தோரெஸ்னோஸ் மாதிரி நொறுக்குத் தீனிதான், அதுவும் பன்றிக்கொழுப்பு. சைவக்காரர்கள் "சின் கார்னே" (கறி வேண்டாம்) என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்காராதீர்கள். அங்கே பலருக்கு ஹாமோன், அதாவது உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை, கறிக் கணக்கிலேயே வராது. பூண்டு சூப்பிலும் பச்சைப் பட்டாணியிலும் தூவித்தான் கொண்டுவருவார்கள். "சின் கார்னே, சின் ஹாமோன், சின் பெஸ்காதோ" என்று கறி, ஹாமோன், மீன் மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

கார் விஷயம் அடுத்தது. நம் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் வேண்டும். ஆட்டோ கியர் வண்டி வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் மேனுவல்தான் வரும், அதுவும் கியர் வலது கையில். சாதாரண இருவழிச் சாலையில் வேக வரம்பு 90. பொழுது சாயும் நேரத்தில் மானும் காட்டுப்பன்றியும் குறுக்கே வரும், அங்கே விபத்துக்கு இது பெரிய காரணம். டாங்கி பாதியாகும்போதே பெட்ரோல் போடுங்கள். சின்ன ஊர் பங்க்குகளில் ஆளே இருக்க மாட்டார், கார்டைச் செருகி முதலில் பணம் கட்டினால்தான் எண்ணெய், சில நேரம் வெளிநாட்டுக் கார்டை எந்திரம் துப்பிவிடும். "பஸ்ஸே இல்லை" என்று ஒருவர் அழுதிருந்தார். இருக்கிறது. பல கிராமங்களில் முந்தின நாள் போன் செய்து சொன்னால்தான் வரும் பஸ். கேட்காதவருக்கு வராது.

"அதெல்லாம் ஸ்பானிஷ் தெரிஞ்சவனுக்குங்க, எங்களை மாதிரி ஆளுங்களுக்கு?" நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். இணையத்தில் போட்டிருக்கும் நேரங்கள் பழசாக இருப்பதும் உண்மை. ஆனால் "லூனெஸ்" என்ற ஒரு சொல்லைக் கைபேசியைத் தூக்கிக் காட்டினால் மொழிபெயர்த்துவிடும். பதினெட்டு நிமிட வீடியோவை எடிட் செய்யத் தெரிந்தவருக்கு இது தெரியாதா?

"காசு செலவழிச்சு, விசா வாங்கி வந்தவன் கோபப்படக் கூடாதா?" படுங்கள். காலால் கதவைத் தள்ளாதீர்கள்.

நேரம், சாப்பாடு, பஸ் எல்லாவற்றையும் விடுகிறேன். எனக்கு உண்மையில் சுட்டது இன்னொரு கமென்ட். "திறந்திருந்தாலும் வேஸ்ட்டுங்க, உள்ளே வெறும் கறை படிஞ்ச சுவர்தான், கூகுள்ல பார்த்தேன்."

ஆமாம், கறைதான். ஏன் கறை என்று தெரியுமா? அந்தச் சுவர் முழுக்க ஓவியம் இருந்தது. ஒட்டகம், யானை, கரடி, முயல் வேட்டை, மான் வேட்டை. 1917-இல் தேசியச் சின்னமாக அறிவித்த கட்டடம் அது. 1922-இல் ஆலயத்தின் உரிமை வைத்திருந்த ஊர்க்காரர்கள் ஒரு கலைப்பொருள் வியாபாரிக்கு ஓவியங்களை விற்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் விற்றவர்கள் பக்கமே முடிந்தது. 1926-இல் பெயர்த்தார்கள். ஓவியத்தின் மேல் பசை தடவித் துணி ஒட்டி, காய்ந்ததும் ஓரத்திலிருந்து உரிப்பார்கள், வண்ணத் தோல் துணியோடு வந்துவிடும். சுவரின் சாந்துக்குள் ஊறிப்போன நிறம் மட்டும் தங்கும். நீங்கள் கறை என்கிறீர்களே, அது அந்த மிச்சம். கண் பழகினால் அதில் வேட்டை நாயின் முதுகு தெரியும்.

ஓவியங்கள் அமெரிக்கா போயின. ஆறு துண்டுகள் 1957-இல் மட்ரிட் பிராதோ அருங்காட்சியகத்துக்குத் திரும்பின, அதுவும் கடனாக. பதிலுக்கு ஸ்பெயின் என்ன கொடுத்தது தெரியுமா? செகோவியா மாகாணத்து ஃபுவெந்திதுவேஞா கிராம ஆலயத்தின் கருவறை வளைவையே, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கற்களாகப் பிரித்துக் கப்பலேற்றினார்கள். ஒட்டகம் இன்னும் நியூயார்க்கின் கிளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில்தான் நிற்கிறது. முதலில் பிராதோவில் யானையைப் பார்த்துவிட்டு அப்புறம் சோரியாவுக்கு வாருங்கள், அந்தக் கறை கறையாகத் தெரியாது.

இப்போது மறுபடி "பேய் ஊர்". சோரியா மாகாணம் பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல், மக்கள் தொண்ணூறாயிரம் சொச்சம். சதுர கிலோமீட்டருக்கு ஒன்பது பேர். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் மாகாணத் தலைநகரில். இந்த வட்டாரங்களுக்கு அவர்களே வைத்திருக்கும் பெயர் "எஸ்பான்யா வாசியாதா". "காலி ஸ்பெயின்" என்று அதைத் தமிழில் எழுதுகிறார்கள். தப்பு. காலியாக்கப்பட்ட ஸ்பெயின். 2019 மார்ச் 31 அன்று இந்த ஊர்க்காரர்கள் மட்ரிட்டுக்கே போய்ப் பேரணி நடத்தினார்கள்: மருத்துவர் வேண்டும், ரயில் வேண்டும், இணையம் வேண்டும் என்று. பல ஊர்களில் ஆலயச் சாவி பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இருக்கும். கதவில் ஒட்டிய தாளில் எண் இருக்கும், அல்லது மதுக்கடையில் "லா யாவே?" என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். உள்ளங்கையை விட நீளமான இரும்புச் சாவியோடு வந்து திறந்துவிட்டு, நீங்கள் பார்த்து முடிக்கும்வரை வாசலிலேயே நிற்பார். உண்டியலில் ஏதாவது போடுங்கள். மூன்று மணிக்கு மட்டும் அவர் கதவைத் தட்டாதீர்கள்.

"சரி, பூட்டாத இடம் ஏதாவது சொல்லுங்க" என்றால் கோர்மாஸ். பெர்லாங்காவிலிருந்து காரில் அரை மணி நேரம். பத்தாம் நூற்றாண்டில் கோர்தோபாவின் கலீபாக்கள் துவேரோ ஆற்றுக்கு மேலே குன்றில் கட்டிய கோட்டை, சுற்றளவே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். கதவும் இல்லை, காசும் இல்லை, மூன்று மணிக்கும் போகலாம். நிழலும் இல்லை, தண்ணீரும் இல்லை, அதனால் போகாதீர்கள். மாலை ஏழரைக்கு மேல் போனால் லாட வளைவு வாசல் வழியாக வெயில் சாய்ந்து வரும். மதிலோரம் கைப்பிடிச் சுவர் கிடையாது, காற்று பலமாக அடிக்கும், பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சோரியா பக்கத்து ரியோ லோபோஸ் பள்ளத்தாக்குக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. விடியற்காலையில் போனால் பாறையில் குந்தியிருக்கும் பிணந்தின்னிக் கழுகுகளைத்தான் பார்ப்பீர்கள். தரை சூடாகி வெப்பக் காற்று மேலெழுந்த பிறகு, பத்து பதினொரு மணிக்குத்தான் இரண்டரை மீட்டர் இறக்கையை விரித்து வட்டமடிக்கும். "கழுகே இல்லை" என்று ஏழு மணிக்கு வீடியோ போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

அண்ணனின் அடுத்த வீடியோ கலீசியாவின் கதீட்ரல் கடற்கரையாம், அறிவித்துவிட்டார். ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை முன்பதிவு கட்டாயம், இலவசம், ஒரு நாளைக்கு 4,812 பேர்தான். அதைவிட முக்கியம், கடல் வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே படியிறங்க வேண்டும். வற்றம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும், அட்டவணை பார்க்காமல் போனால் அந்தப் பாறை வளைவுகள் கழுத்தளவு தண்ணீரில் நிற்கும், மணலே இருக்காது. அட்டவணையை யாராவது அவருக்கு அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் "கடற்கரையையும் பூட்டி வெச்சிருக்காங்க" என்பார்.