நாவலைத் தீர்மானிப்பது சொல் எண்ணிக்கை அன்று

"7,500 சொற்களுக்குள் அடங்கினால் சிறுகதை, 40,000 சொற்களை எட்டினால் நாவல், உரைநடை இலக்கியத்தில் வேறு வகைப்பாடே இல்லை" என்று ஒருவர் எழுதியிருப்பது, பாதி உண்மையை முழு இலக்கணமாக்கிவிடுகிறது. அந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் அவை அறிவியல் புனைகதைகளுக்கும் மிகுபுனைவுகளுக்கும் அமெரிக்காவில் வழங்கப்படும் நெபுலா விருதின் பிரிவுகளுக்கு உரியவை. பரிசு வழங்குபவர்கள் எங்கேனும் ஒரு கோடு கிழித்துத்தான் ஆகவேண்டும்.

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842இல் எழுதிய மதிப்புரை ஒன்றில், ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்க கதையின் ஒவ்வொரு சொல்லும், முன்கூட்டியே எண்ணிய ஒற்றை விளைவை நோக்கியே செல்ல வேண்டும் என்று வலியுறுத்தினார். அங்கே சுருக்கம் என்பது அந்த விளைவு சிதறாமல் காக்கும் வழியே தவிர, வடிவத்தின் வரையறை அன்று. நாவலோ கிளைக்கதைகளுக்கும், காலப்போக்கில் மாறும் மனிதர்களுக்கும், ஒன்றோடொன்று மோதும் பல பார்வைகளுக்கும் இடம் தருவது. அதனால்தான் ஒரு சிறுகதையை எவ்வளவு நீட்டினாலும் நாவல் கிடைப்பதில்லை. நீர்த்துப்போன சிறுகதையே மிஞ்சுகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் குறுநாவலை, அந்தச் சொல் கணக்கை எழுதியவர் குறிப்பிடவே இல்லை.

துப்பறியும் கதை, வரலாற்றுக் கதை போன்றவை பொருள் சார்ந்த வகைகள். அவை எந்த நீளத்திலும் அமையலாம். மேலும், புனைவு மட்டுமே உரைநடை இலக்கியம் அன்று: பிரெஞ்சு எழுத்தாளர் மோந்தேன் 1580இல் வெளியிட்ட கட்டுரை நூலுக்குப் பின் கட்டுரை தனி இலக்கிய வடிவமாகவே வளர்ந்தது, தன்வரலாறு, பயண நூல், நாட்குறிப்பு ஆகியவற்றை எந்தச் சொல் கணக்கில் சேர்ப்பது?